ஆகாயத்துத் தாயாதிகள்

நம் ஊர்களில் புதிதாக ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "தங்களுக்கு எந்த ஊர்? யாருடைய பிள்ளை?" என்பதுதான். வந்தவர் தம் பாட்டனார் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், "அடடே! அப்படியானால் நீங்கள் இன்னாருக்குத் தாயாதி அல்லவா?" என்று உறவு கிளம்பிவிடும். மூன்று தலைமுறைகளுக்கு முன் பாகம் பிரிந்து, ஒரு கிளை காசிக்கும் ஒரு கிளை கண்டிக்குமாகப் போன குடும்பத்தைக்கூட ஒரு நாழிகைக்குள் ஒன்று சேர்த்துவிடும் சாமர்த்தியம் நம் பாட்டிமார்களுக்கு உண்டு.

இதே கேள்வியை ஆகாயத்தில் சஞ்சரிக்கும் பாறைகளைப் பார்த்துக் கேட்டார் ஒருவர். பாறைகள் வாய் திறந்து பதில் சொல்லமாட்டா. ஆயினும் பதில் கிடைத்தது. பாகப்பிரிவினை நடந்து நூறு கோடி, இருநூறு கோடி வருஷங்கள் சென்ற பிறகும், "இன்ன இன்ன பாறைகள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்" என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடிந்தது. கேட்டவர் நம் ஆசியாக் கண்டத்தைச் சேர்ந்தவர், ஜப்பானியர், கியோட்ஸுகு ஹிராயாமா என்று பெயர். அவர் அதை எவ்விதம் கண்டுகொண்டார், அந்த வித்தை இன்று எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது, அதனால் நமக்குத் தெரியவந்திருப்பது என்ன என்பவற்றைச் சற்றே பார்ப்போம்.

இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத கிரகம்

சூரியனிலிருந்து பூமி சுமார் 9 கோடியே 30 லட்சம் மைல் தூரத்தில் இருக்கிறது. செவ்வாய் 14 கோடியே 20 லட்சம் மைல். அதற்கு அடுத்த கிரகமாகிய வியாழனோ 48 கோடி மைலுக்கு அப்பால் நிற்கிறது. இடையில் இவ்வளவு பெரிய வெற்றிடம் எதற்கு? அங்கே ஒரு கிரகம் இருந்துதான் ஆகவேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வான சாஸ்திரிகள் பலர் எண்ணினார்கள்.

1801-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதியன்று, ஸிஸிலித் தீவில் பலெர்மோ நகரத்துப் பாதிரியாராகிய பியாட்ஸி என்பவர் இடம் பெயர்ந்து செல்லும் ஒரு சிறு ஒளியைக் கண்டார். ஆறு வாரங்களுக்குள் அது சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. மறுபடியும் அதை எங்கே தேடுவது? ஜெர்மனியில் இருபத்து நான்கு வயது வாலிபரான கௌஸ் என்னும் கணித மேதை, கையில் இருந்த சொற்பக் குறிப்புக்களைக் கொண்டு கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் அது அகப்பட்டது. அதற்கு ஸீரஸ் என்று பெயர். குறுக்களவு சுமார் 590 மைல். நம் சந்திரனில் கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

கிரகம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கும்போதே, 1802-ல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர் ஏறக்குறைய அதே தூரத்தில் இன்னொன்றைக் கண்டார், அது பல்லாஸ். 1804-ல் ஜூனோ; 1807-ல் வெஸ்டா. ஒரு கிரகம் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு! ஓல்பர்ஸ் ஒரு ஊகம் செய்தார்: முன்னொரு காலத்தில் அங்கே ஒரு பெரிய கிரகம் இருந்து வெடித்துச் சிதறியிருக்க வேண்டும், நாம் காண்பன அதன் துண்டுகள் என்றார்.

கேட்பதற்கு மிகவும் ரஸமான ஊகம், ஆனால் நிற்கவில்லை. இன்று அந்தப் பிரதேசத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கிரகங்கள் கணக்கில் வந்திருக்கின்றன. அவ்வளவையும் ஒன்றாகத் திரட்டித் தராசில் வைத்தாலும், எடை நம் சந்திரனில் நூற்றில் மூன்று பங்குதான் தேறும். ஒரு பெரிய கிரகத்துக்கு இது எப்படிப் போதும்? உண்மையில் அங்கே கிரகம் உருவாகவே இல்லை. பக்கத்தில் உள்ள வியாழனின் பிரம்மாண்டமான ஆகர்ஷண சக்தி, அந்தக் கற்களை ஒன்றோடொன்று நிதானமாகச் சேரவிடாமல் அலைக்கழித்துவிட்டது. கட்டி முடியாத வீட்டின் செங்கற்களை இடிந்த வீட்டின் செங்கற்கள் என்று ஓல்பர்ஸ் நினைத்துவிட்டார்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு சிறு உண்மை ஒளிந்திருந்தது. அது வெளிவர நூறு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த போக்ஸன் என்னும் ஆங்கிலேயர், 1861-ல் இங்கிருந்து ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே. ஆகவே அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். 1866-ல் சென்னையிலேயே 'சில்வியா' என்பதையும் கண்டார். சில்வியாவின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடி வரும். 1891 முதல் புகைப்படம் பிடித்துத் தேடும் முறை ஏற்பட்டது. பிறகு சிறு கிரகங்கள் மழைக்கால ஈசல்கள் போல் வந்து குவிந்தன.

ஹிராயாமாவின் கணக்கு

ஹிராயாமா 1874-ல் ஸெண்டாய் நகரத்தில் பிறந்தவர். டோக்கியோ சர்வகலாசாலையில் ஆசிரியர். அமெரிக்காவுக்குச் சென்று, கிரக சஞ்சாரக் கணிதத்தில் நிபுணரான எர்னஸ்ட் பிரௌன் என்பவரிடம் யேல் சர்வகலாசாலையில் பயின்றார். 1918-ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இந்த வித்தைக்குப் பிள்ளையார் சுழி. அதற்காக அவர் புதிதாக ஒரு சிறு கிரகத்தையும் தேடிப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் கண்டுபிடித்து அச்சிட்டிருந்த சுமார் எண்ணூறு சிறு கிரகங்களின் ஜாபிதாவும், காகிதமும், பென்ஸிலும், பொறுமையுமே அவருடைய கருவிகள்.

ஒவ்வொரு சிறு கிரகத்தின் பாதைக்கும் முக்கியமான அடையாளங்கள் மூன்று. சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரம் ஒன்று. பாதை எவ்வளவு நீண்டு முட்டை வடிவாக இருக்கிறது என்பது இரண்டு. பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மூன்று. இந்த மூன்றும் ஒத்திருந்தால் உறவு என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். வியாழன் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால், நீட்சியும் சாய்வும் ஆயிரக்கணக்கான வருஷங்களில் கூடிக் குறைந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்றைக்கு ஒத்திருக்கும் இரண்டு பாதைகள் தற்செயலாக ஒத்திருக்கலாம்; உண்மையான சகோதரர்களின் பாதைகள் இன்றைக்கு வேறு வேறாகத் தோன்றலாம்.

ஹிராயாமா கண்ட யுக்தியை விளக்க, திருவிழாவில் சுற்றும் குடைராட்டினத்தை நினைத்துக்கொள்வோம். அதில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் ஒரு கணத்தில் கிழக்கே இருக்கிறார்கள், மறுகணம் மேற்கே போய்விடுகிறார்கள். தூரத்திலிருந்து ஒரே ஒரு புகைப்படம் எடுத்தால், யார் யாருக்கு ஜோடி என்று தெரியாது. ஆனால் நடுக்கம்பத்திலிருந்து ஒவ்வொரு குழந்தையும் எத்தனை முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்த அளவு ராட்டினம் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மாறாது. ஒரே வரிசையில் ஏறியவர்கள் யார் என்று அந்த அளவைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பாதைகளின் சாய்வும் நீட்சியும் இப்படித்தான் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமிடுகின்றன. வியாழனால் நேரும் மாறுதலைக் கழித்துவிட்டால், ஒவ்வொரு சிறு கிரகத்துக்கும் அநேகமாக என்றும் மாறாத ஒரு சொந்தச் சாய்வும் ஒரு சொந்த நீட்சியும் மிஞ்சுகின்றன. இந்தச் சொந்த அடையாளங்களை எடுத்து ஹிராயாமா காகிதத்தில் புள்ளி வைத்தபோது, புள்ளிகள் வானத்து நட்சத்திரங்களைப் போல் தாறுமாறாக விழவில்லை; மூன்று இடங்களில் கும்பல் கும்பலாகக் கூடின. ஒவ்வொரு கும்பலுக்கும் அதில் முதலில் காணப்பட்ட உறுப்பினரின் பெயரைக் கொடுத்து, கொரோனிஸ், ஈயோஸ், தெமிஸ் என்று அழைத்தார். 'குடும்பம்' என்ற பெயரை இட்டவரும் அவரே. தற்செயலாக இவ்வளவு புள்ளிகள் ஓரிடத்தில் சேர இடமில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாய்ப் பாறை உடைந்ததால் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு கூறினார்.

ஓல்பர்ஸ் சொன்னதில் ஒளிந்திருந்த உண்மை இதுதான். ஒரே ஒரு பெரிய கிரகம் உடையவில்லை; சிறு சிறு பாறைகள் பல, வெவ்வேறு காலங்களில் உடைந்திருக்கின்றன. இன்று இப்படிப்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கு மேல் கணக்கில் இருக்கின்றன. கொரோனிஸ் குடும்பத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் உண்டு. ஹிராயாமா 1943-ல் காலமானார். அவர் பெயரையே ஒரு சிறு கிரகத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

மோதியும் அருகிலேயே இருப்பது எப்படி?

ஒரு சந்தேகம் எழலாம். மலை போன்ற பாறை மோதி நொறுங்கினால் துண்டுகள் திசைக்கொன்றாய்ப் பறந்துவிடாவா? ஒரே மாதிரியான பாதையில் எப்படி நிற்கும்?

அந்தப் பிரதேசத்தில் இரண்டு பாறைகள் மோதினால், மோதும் வேகம் சராசரியாக விநாடிக்கு 3 மைல் இருக்கும். துப்பாக்கிக் குண்டின் வேகத்தைப்போல் பல மடங்கு. ஆனால் அந்த ஆவேசத்தின் பெரும் பகுதி பாறையைப் பொடியாக்குவதிலும் சூடாக்குவதிலும் செலவாகிவிடுகிறது. பெரிய துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து செல்லும் வேகமோ, ஏறக்குறைய ஒரு விரைவு ரயிலின் வேகந்தான். தாய்ப் பாறை சூரியனைச் சுற்றிவந்த வேகம் விநாடிக்குச் சுமார் 11 மைல். அதோடு ஒப்பிட்டால் ரயிலின் வேகம் எம்மாத்திரம்? ஆகவே துண்டுகள் யாவும் தாயின் பாதையை ஒட்டியே தொடர்ந்து செல்கின்றன. தாயாதிகள் பாகம் பிரிந்தும் அதே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பது போல.

சில துண்டுகளுக்குப் பிரிந்துபோகவும் மனம் வருவதில்லை போலும். 1993-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வியாழனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கலிலியோ என்னும் விண்கலம், கொரோனிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஐடாவின் அருகே சென்று படம் எடுத்தது. படங்களைப் பார்த்தபோது, ஐடாவைச் சுற்றி ஒரு மைல் அளவுள்ள ஒரு குட்டிச் சந்திரன் வலம் வருவது தெரிந்தது. சிறு கிரகத்துக்கும் சந்திரன் உண்டு என்று முதன்முதல் நிச்சயமானது அப்பொழுதுதான். நம் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட சில்வியாவுக்கோ ஒன்றல்ல, இரண்டு சந்திரன்கள். 2001-லும் 2004-லும் எடுத்த படங்களில் அவை அகப்பட்டன. ரோமாபுரியை ஸ்தாபித்ததாகக் கதையில் வரும் இரட்டையர்களான ரோமுலஸ், ரீமஸ் என்பவர்களின் பெயர்களை அவற்றுக்கு இட்டார்கள். சில்வியாவை ஒட்டிய பாதைகளில் அதன் குடும்பமும் இருப்பதாக 2010-ல் தெரியவந்தது. பண்டைக் காலத்து மோதலில் கிளம்பிய துகள்களில் சில வெளியேறிக் குடும்பமாயின. சில தாயின் காலடியிலேயே தங்கிச் சந்திரன்களாயின.

எப்பொழுது உடைந்தது?

பள்ளிப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "அத்தனை கோடி வருஷத்துக்கு முன் நடந்ததை யார் பார்த்தார்கள்?" நியாயமான கேள்வி. பார்த்தவர் யாருமில்லை. ஆயினும் தேதி சொல்லும் கடிகாரங்கள் இரண்டு அகப்பட்டிருக்கின்றன.

முதல் கடிகாரத்தைக் கோவில் பிராகாரத்திலே காணலாம். கொடிமரத்தடியிலிருந்து பத்துப் பேர் ஒரே சமயத்தில் பிரதக்ஷிணம் ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் விரைந்து நடப்பார். ஒருவர் மெல்ல நடப்பார். பத்துச் சுற்றுக்குப் பின் பார்த்தால் பிராகாரம் முழுவதும் சிதறியிருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவருடைய நடையும் எவ்வளவு வேகம் என்று தெரிந்தால், மனத்திலேயே எல்லோரையும் பின்னோக்கி நடக்கவிட்டு, அவர்கள் எல்லோரும் கொடிமரத்தடியில் ஒன்றாக நின்ற நேரத்தைக் கண்டுவிடலாம்.

சிறு கிரகங்களின் பாதைகள் நீண்டிருக்கும் திசையும், சாய்ந்திருக்கும் திசையும் இப்படியே மெல்ல மெல்லச் சுற்றிவருகின்றன. ஒவ்வொரு பாதைக்கும் அந்த நடை சற்று வேறு. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்துப் போல்டர் நகரில் ஆராய்ச்சி செய்யும் டேவிட் நெஸ்வொர்னி என்பவரும் அவருடைய சகாக்களும், கொரோனிஸ் குடும்பத்துக்குள்ளேயே நெருக்கமாக இருந்த ஒரு சிறு கும்பலை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் யந்திரத்தின் உதவியால் அவற்றைக் காலத்தில் பின்னோக்கிச் செலுத்திப் பார்த்தார்கள். 10 லட்சம் வருஷம், 20 லட்சம் வருஷம் என்று போகும்போது திசைகள் தாறுமாறாகவே இருந்தன. 58 லட்சம் வருஷத்துக்கு அருகில் வந்ததும் அத்தனையும் ஒரே திசையைக் காட்டி நின்றன! அந்தக் கும்பலுக்குக் காரின் குடும்பம் என்று பெயர். அதன் பிறந்த நாளை 2002-ல் உலகுக்கு அறிவித்தார்கள். பாட்டி உடைந்த பின், அவள் பெண்களில் ஒருத்தி நெடுங்காலம் கழித்து மறுபடி உடைந்தாள் என்பதே இதன் பொருள்.

இந்தக் கடிகாரம் இளங்குடும்பங்களுக்கே உதவும். காலம் மிக நீண்டுவிட்டால் சிறு பிழைகளெல்லாம் பெருகி, பின்னோக்கிய கணக்கு குழம்பிவிடும். பழங்குடும்பங்களுக்கு வேறொரு கடிகாரம் வேண்டும். அதைத் தருவது சூரியனின் வெயில்.

வெயில் தள்ளும் பாறை

நம் நாட்டில் உச்சிப் பொழுதைக் காட்டிலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கே வெப்பம் கடுமையாக இருப்பதை எல்லோரும் அறிவோம். சுழலும் பாறையிலும் அப்படியே. பிற்பகல் பக்கந்தான் அதிகம் காய்ந்திருக்கும். காய்ந்த பக்கம் வெப்பத்தை வெளியே வீசும்போது, அந்த வீச்சு பாறையை எதிர்ப்புறமாக மிக மெல்லத் தள்ளுகிறது. ஒரு பூவிதழின் கனம்கூட இல்லாத தள்ளல். ஆனால் ஓயாத தள்ளல். பாறை ஒரு பக்கமாகச் சுழன்றால் அதன் பாதை சூரியனைவிட்டு விலகும். மறு பக்கமாகச் சுழன்றால் நெருங்கும். ருஷியாவில் வாழ்ந்த யார்க்கோவ்ஸ்கி என்னும் எஞ்சினீயர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் சொன்னார்; கவனிப்பார் இல்லை. 2003-ல்தான், கோலெவ்கா என்ற சிறு பாறையை ராடார் கொண்டு அளந்து, பன்னிரண்டு வருஷத்தில் அது கணக்குக்கு மேல் சுமார் 9 மைல் நகர்ந்திருப்பதைக் கண்டு, அவர் சொன்னது மெய் என்று நிரூபித்தார்கள்.

இந்தத் தள்ளல் சிறு கற்களை வெகுவாக நகர்த்தும். பெரும் பாறைகளை அசைப்பது அரிது. ஆகவே ஒரு குடும்பத்தின் பெரியவர்கள் பிறந்த இடத்திலேயே இருக்க, சிறியவர்கள் இருபுறமும் பரவிப் போகிறார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறார்கள் என்று அளந்தால், பாகம் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லலாம். கொரோனிஸ் குடும்பம் ஏறத்தாழ 200 கோடி வருஷமோ அதற்கு மேலோ பழமையானது என்பது இவ்விதம் கிடைத்த கணக்கு.

நகர்ந்து செல்லும் சிறு கற்கள் சில இடங்களில் ஆபத்தான எல்லைகளை எட்டுகின்றன. உதாரணமாக, சூரியனிலிருந்து 23 கோடி மைலுக்குச் சற்று அப்பால் சுற்றும் கல், வியாழன் ஒரு முறை சுற்றுவதற்குள் சரியாக மூன்று முறை சுற்றிவிடும். ஊஞ்சலைத் தக்க சமயம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது மேலும் மேலும் வீசி ஆடுகிறதல்லவா? அதுபோல் வியாழனின் இழுப்பு ஒரே தாளத்தில் வந்து சேர, கல்லின் பாதை நீண்டு நீண்டு செவ்வாயைத் தாண்டி, பூமியின் பாதையையே குறுக்கிடும். அந்த இடங்கள் ஏறக்குறையக் காலியாக இருப்பதைக் கர்க்வுட் என்னும் அமெரிக்கர் 1866-லேயே எடுத்துக்காட்டினார். அங்கிருந்து வெளியேறிய கற்களில் சிலவே நம் பூமியில் விண்கற்களாக விழுகின்றன.

தாய் உயிரோடிருக்கும் குடும்பம்

எல்லாக் குடும்பங்களிலும் தாய் நொறுங்கிப்போய்விடவில்லை. வெஸ்டாவின் குடும்பம் விசேஷமானது. 1970-ல், வெஸ்டாவிலிருந்து வரும் ஒளியைப் பகுத்துப் பார்த்தவர்கள், அதன் நிறமாலை பூமியில் விழுந்த ஒருவகை எரிமலைப் பாறை போன்ற விண்கற்களோடு அப்படியே ஒத்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் கல் அங்கிருந்து இங்கே வந்தது எப்படி? 1993-ல் வெஸ்டாவுக்கும் மேலே சொன்ன ஊஞ்சல் எல்லைக்கும் இடையே, அதே நிறமாலை கொண்ட சிறு கிரகங்கள் படிக்கட்டுப் போல் வரிசையாகக் காணப்பட்டன. வழி தெரிந்துவிட்டது.

இனிக் காயம் தெரியவேண்டும் அல்லவா? டான் என்னும் விண்கலம் 2011-ஆம் வருஷம் ஜூலையில் வெஸ்டாவை அடைந்து, ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றிவந்து படம் எடுத்தது. வெஸ்டாவின் குறுக்களவே சுமார் 325 மைல்; அதன் தென் பாகத்தில் உள்ள பள்ளத்தின் அகலம் சுமார் 310 மைல்! பள்ளத்தின் நடுவில் எவரெஸ்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரமான ஒரு மலை எழுந்து நிற்கிறது. சுமார் 100 கோடி வருஷங்களுக்கு முன் நேர்ந்த அந்த அடியில் சிதறியவையே வெஸ்டாவின் மக்கள்.

அந்த மக்களின் மக்கள் நம் தேசத்துக்கும் வந்திருக்கிறார்கள். 1850-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வங்காளத்தில் பாங்குராவைச் சேர்ந்த ஷால்காவில் விழுந்த கல்லும், 1996-ல் ராஜஸ்தானத்தில் பிப்லியா கலான் என்ற ஊரில் விழுந்த கல்லும் இந்த இனத்தவையே.

தள்ளுபடியான வழக்கு

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்தச் சாஸ்திரத்தில் எல்லா ஊகங்களும் பலித்துவிட்டன என்ற எண்ணத்தை உண்டாக்கினால் அது தவறு. 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் மெக்ஸிகோ நாட்டில் ஒரு பெரிய விண்கல் மோதியதும், டைனோஸார் என்னும் பிரம்மாண்டமான பிராணிகள் அழிந்ததும் நேயர்கள் கேள்விப்பட்டவை. அந்தக் கல் பாப்டிஸ்டினா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2007-ல் ஒரு கட்சி கிளம்பியது. அந்தக் குடும்பம் 16 கோடி வருஷங்களுக்கு முன் உடைந்தது என்பது அவர்கள் கணக்கு. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் குற்றவாளி அகப்பட்டுவிட்டதாகக் கொண்டாடின.

ஆனால் 2011-ல், வெப்பக் கதிர்களைக் கொண்டு அளந்த ஒரு விண்கலத்தின் குறிப்புக்களால், அந்தக் குடும்பத்துப் பாறைகளின் உண்மையான அளவு தெரியவந்தது. அளவு மாறவே வயதும் மாறியது. உடைந்தது சுமார் 8 கோடி வருஷங்களுக்கு முன்புதான் என்று ஏற்பட்டது. உடைந்த கல் மெல்ல நகர்ந்து, ஊஞ்சல் எல்லையை எட்டி, பூமிக்கு வந்து சேர அந்த அவகாசம் போதுவது அரிது. கல்லின் ஜாதியும் பொருந்தவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று. தேதி பொருந்தாவிட்டால் எவ்வளவு ரஸமான கதையானாலும் கைவிட வேண்டும் என்பதே இவர்களுடைய தர்மம்.

நம் முற்றத்தில் விழும் கல்

மிகச் சமீபத்திய செய்தி ஒன்று உண்டு. பூமியில் விழும் விண்கற்கள் பற்பல குடும்பங்களிலிருந்தும் கலந்து வருவன என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். எந்தக் கல் எந்தக் குடும்பத்தது என்று நூற்றில் சிலவற்றுக்கே சொல்ல முடிந்தது. 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், செக் நாட்டையும் பிரான்ஸையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் பிறரும் கூடி ஒரு முடிவை வெளியிட்டார்கள். விழும் கற்களில் நூற்றுக்குச் சுமார் எழுபது மூன்றே குடும்பங்களிலிருந்து வருகின்றனவாம். ஒன்று 58 லட்சம் வருஷத்துக்கு முன் பிறந்த காரின். மற்றொன்று கொரோனிஸ் குடும்பத்துக்குள்ளேயே சுமார் 75 லட்சம் வருஷத்துக்கு முன் உடைந்த இன்னொரு கிளை. மூன்றாவது சுமார் 4 கோடி வருஷத்துக்கு முன் உடைந்த மஸ்ஸாலியா.

காரணம் எளிது. பழைய குடும்பங்களின் பொடிக் கற்கள் எப்பொழுதோ மோதி மோதித் தேய்ந்தும், வெளியேறியும் தீர்ந்துவிட்டன. புதிதாகப் பாகம் பிரிந்த குடும்பங்களிடமே சில்லறை மிகுதியாக இருக்கிறது. அவையே இன்று நமக்கு வந்து சேருகின்றன.

மூன்றில் இரண்டு கிளைகள் ஹிராயாமா 1918-ல் கண்டெடுத்த கொரோனிஸைச் சேர்ந்தவை என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. அவர் காலத்தில் ஜப்பானிலிருந்து ஒருவர் வான சாஸ்திரத்தில் புது வழி காட்டுவார் என்று மேனாட்டார் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடி இல்லாமற்போனாலும், எல்லோர் கையிலும் இருந்த ஜாபிதாவில் எவரும் காணாததை அவர் கண்டார். அந்த விதை வீண்போகவில்லை. அவருடைய தேசத்தார் அனுப்பிய ஹயபூசா-2 என்னும் விண்கலம், ரியூகு என்ற சிறு கிரகத்தில் இறங்கி, அதன் மண்ணை 2020-ஆம் வருஷம் டிசம்பரில் பூமிக்குக் கொண்டுவந்தது. அளவு 5 கிராமுக்குச் சற்று அதிகம். ஆனால் எந்தக் குடும்பத்தார் மண் என்று விசாரிக்க அதுவே ஏராளம். நம் தமிழ் நாட்டில் காவலூர் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து 1988-ல் ராஜமோகன் என்பவர் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். கணித மேதை ராமானுஜனின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. போக்ஸன் காலத்துக்குப் பின் நூறு வருஷத்துக்கு மேல் மூடிக்கிடந்த கதவு அன்று மறுபடி திறந்தது. அந்த ஜாபிதாவில் இன்னும் எத்தனையோ உறவுகள் யாராலும் பார்க்கப்படாமல் கிடக்கலாம். கணக்கில் கெட்டிக்காரர்களான நம் பையன்களும் பெண்களும் அதைப் புரட்டிப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. இன்று அது உலகத்தார் எவர்க்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. என்றேனும் பெருஞ்சத்தத்தோடு ஆகாயத்திலிருந்து ஒரு கல் நேயர்களின் கொல்லையிலோ வயலிலோ விழுமாயின், மேலே கறுப்பாகக் கருகிய தோலோடு இருந்தால், அதை உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். விழுந்த நாளையும் நேரத்தையும் வந்த திசையையும் குறித்து வைத்து, ஊர் அதிகாரிகள் மூலம் கல்கத்தாவில் விண்கற்களைச் சேகரித்து வைத்திருக்கும் இந்தியப் பூகர்ப்ப இலாகாவுக்குச் சேரும்படி செய்யவேண்டும். வந்த திசையைச் சரியாகச் சொல்லும் ஒரு கிராமத்து மனிதரின் வாக்குமூலத்திலிருந்து அந்தக் கல்லின் பழைய பாதையைக் கணக்கிட்டு, அதன் தாய் இன்னதென்று கண்டுபிடிக்க உதவி கிடைக்கலாம்.